லாகின் திரை வராமல் நிற்கும் லினக்ஸ்: சாட்ஸ்வர்த் வகுப்பில் கண்டது

லினக்ஸ் தொடங்கும்போது லாகின் திரை வராமல் கறுப்பாக நின்றுவிடுகிறது என்று யார் கேட்டாலும், "மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க" என்பதே முதல் பதிலாக வருகிறது. எனக்கு அது பிடிக்காத பதில். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் வார இறுதித் தமிழ் வகுப்பு ஒன்றின் கணினிகளைக் கவனித்துக்கொள்கிறேன். அங்கே நடந்ததை விவரமாகவே சொல்கிறேன்.

எல்லாமே அலுவலகங்கள் கழித்துக் கொடுத்த பழைய கோர் 2 டுவோ பெட்டிகள். 2020 தொடக்கத்தில், தைப்பூசக் காவடி முடிந்த கையோடு, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 10 போட்டோம். டெஸ்க்டாப் எக்ஸ்எஃப்சிஇ, லாகின் திரையைக் காட்டும் டிஸ்ப்ளே மேனேஜர் லைட்டிஎம். வேகம் கூடியிருக்க வேண்டும். ஆனால் சில பெட்டிகள் கறுப்புத் திரையில் நிமிடக்கணக்கில் நின்றன. அது லோட்ஷெட்டிங் எனும் முறைவைத்த மின்வெட்டு நேரம் வேறு. அப்போது இங்கே மின்சாரம் போனால் வழக்கமாக இரண்டு மணி நேரம் வராது. அது திரும்பி வந்ததும் எல்லாப் பெட்டிகளையும் போட்டுவிட்டுப் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

மின்சாரம் திடீரென்று போவதால் டிஸ்க் கெட்டிருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டினேன், பழுது ஏதும் இல்லை. சரி, லாக் (கணினியின் நிகழ்வுப் பதிவு) பார்க்கலாம் என்று கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி, எழுத்து மட்டும் தெரியும் டெக்ஸ்ட் கன்சோலுக்குப் போனால், அதற்குள் லாகின் திரை வந்து நிற்கும்! ஆராயப் போகும்போதெல்லாம் கோளாறு ஓடி ஒளிந்துகொண்டது. வகுப்பெடுக்கும் அக்காதான் ஒருநாள் சொன்னார்: "தம்பி, பிள்ளைங்க கீபோர்டைத் தட்டிக்கிட்டு இருக்கிற பெட்டிதான் முதல்ல வருது, பார்த்தீங்களா?"

அதுவே துப்பு. லினக்ஸின் மையமான கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளை கொடுத்துப் பார்த்தேன். 'ராண்டம்: சிஆர்என்ஜி இனிட் டன்' (ராண்டம் எண்கள் தரத் தயார்) என்ற வரி, மற்ற வேலைகள் எல்லாம் முடிந்து வெகுநேரம் கழித்துப் பதிவாகியிருந்தது. லைட்டிஎம் அதற்குப் பிறகுதான் அசைந்திருந்தது.

நடந்தது இதுதான். திரையைத் திறக்கும் எக்ஸ் சர்வருக்கு, யாரை உள்ளே விடுவது என்று தீர்மானிக்க ஒரு ரகசியக் குக்கி, அதாவது கடவுச்சொல் போன்ற ஒன்று வேண்டும். அதற்கு ஊகிக்க முடியாத எண்கள் தேவை. அந்த எண்களைக் கெர்னல்தான் தர வேண்டும். விசையழுத்தம், மவுஸ் அசைவு, டிஸ்க் சுழற்சியில் வரும் நேர வேறுபாடு போன்றவற்றிலிருந்து அது தற்செயல்தன்மையைச் சேர்க்கிறது. 2018இல் வந்த கெர்னல் 4.17, பாதுகாப்புக் காரணத்துக்காக இந்த விதியை இறுக்கியது: போதுமான அளவு சேரும் வரை, கேட்டவர் காத்திருக்க வேண்டும். டெபியன் 10இன் கெர்னல் 4.19. எங்கள் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு கிடையாது. ராண்டம் எண் தரும் ஆர்டிராண்ட் கட்டளை இன்டெல் சிப்களில் 2012இல்தான் வந்தது, எங்கள் சிப்கள் அதற்கு முந்தையவை. யாரும் கீபோர்டைத் தொடாத பெட்டி அப்படியே காத்திருந்தது. வேகமான டிஸ்க் மாட்டியதால்தான் தாமதம் என்பதை வகுப்பில் புரியவைக்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

இது நம் வகுப்பறைக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. 2019 செப்டம்பரில் கெர்னல் 5.3 வெளிவரும் தறுவாயில், டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் இஎக்ஸ்டி4 முறையில் செய்த ஒரு முன்னேற்றம் டிஸ்க் வேலையைக் குறைத்தது. அதனால் சேரும் தற்செயல்தன்மையும் குறைந்து, லைட்டிஎம் போன்ற இன்னொரு டிஸ்ப்ளே மேனேஜரான ஜிடிஎம் தொடங்காமல் நின்றதாகப் புகார் வந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த மாற்றத்தையே திரும்ப எடுத்தார். அடுத்த 5.4இல், காத்திருக்கும் நிலை வந்தால் கெர்னலே சிப்பின் நேரத் துடிப்பிலிருந்து தற்செயல்தன்மையை உருவாக்கிக்கொள்ளும் வழியைச் சேர்த்தார்.

நாங்கள் தற்செயல்தன்மையைச் சேர்த்துத் தரும் 'ஹேவ்ஜ்டி' என்ற சிறு நிரலை நிறுவினோம். அன்றைக்கே தாமதம் போய்விட்டது. பின்னர் கெர்னல் 5.10 உள்ள டெபியன் 11க்கு மாறியதும் அதுவும் தேவைப்படவில்லை.

அதற்காக எல்லாக் கறுப்புத் திரைக்கும் இதையே மருந்தாகக் கொடுக்காதீர்கள். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் நண்பர் ஒருவரின் மடிக்கணினியும் இதே மாதிரிதான் நின்றது. கீபோர்டைத் தட்டியும் பயனில்லை, ஆனால் டெக்ஸ்ட் கன்சோல் ஒழுங்காக வந்தது. டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப் -ஹெச்' கொடுத்தால், சிஸ்டம் இருக்கும் ரூட் பகுதி நூறு சதவீதம் நிரம்பியிருந்தது, பெரும்பாலும் பழைய லாக். 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் பழைய லாகை அழிக்கும் வேக்யூம் வசதியால் இடத்தைக் காலி செய்து, லைட்டிஎம்மை மறுபடி தொடங்கினோம், திரை வந்துவிட்டது.

அதனால் உதவி கேட்பவர்கள், கீபோர்டைத் தட்டினால் திரை வருகிறதா, டெக்ஸ்ட் கன்சோல் திறக்கிறதா, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்பதைச் சேர்த்தே எழுதுங்கள். சேவைகளின் நிலையைச் சொல்லும் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' காட்டுவதையும் முழுசாகப் போடுங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கெர்னல் மாறி டிரைவர் மாறாமல் நிற்பதும் அடிக்கடி நடக்கிறது.