அதிக எடை சுமக்கிற குதிரைதான் அதிகம் ஜெயிக்கிறதா? கணக்கு இடிக்கிறது

சாட்ஸ்வர்த் மருமகன்:
எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமையானால் மாமாவோடு டர்பன் கிரேவில் குதிரைப் பந்தய மைதானத்துக்குப் போகிறவன் நான். மாமாவுக்கு ஒரே விதி: "60 கிலோ சுமக்கிற குதிரைப் பக்கமே போகாதே, 53, 54-இல் லேசாக வருகிறதைப் பிடி." நான் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து இதையேதான் சொல்கிறார். சரி, பார்த்துவிடுவோம் என்று வீட்டில் கிடந்த பழைய ரேஸ் கார்டுகளை (ஓட்டப் பட்டியல்) எடுத்து, ஹேண்டிகேப் ஓட்டங்களை, அதாவது குதிரைக்குக் குதிரை வேறு எடை போடுகிற ஓட்டங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். வந்ததோ தலைகீழ். மேல் எடைக் குதிரைகள்தான் அடிக்கடி ஜெயித்திருக்கின்றன, கார்டின் அடியில் இருக்கிற லேசான எடைக்காரர்கள் எப்போதாவது ஒன்று. எடை ஏறினால் வேகம் குறையத்தானே வேண்டும்? இல்லை, நான் எழுதினதில் தப்பா?

மெரிபேங்க் வாத்தியார்:
தம்பி, நோட்டில் தப்பில்லை, அதைப் படிக்கிற விதத்தில்தான் சிக்கல். ஹேண்டிகேப்பில் எடையைச் சீட்டுக் குலுக்கியா போடுகிறார்கள்? குதிரையின் மெரிட் ரேட்டிங்கை, அதாவது அதன் திறமைக்குப் போட்ட புள்ளியைப் பார்த்துத்தான் போடுகிறார்கள், நம் தென்னாப்பிரிக்காவில் ஒரு புள்ளிக்கு அரை கிலோ. 100 ரேட்டிங் குதிரைக்கு 60 கிலோ என்றால் 90 ரேட்டிங்குக்கு 55. ஆக 60 சுமக்கிறது என்றாலே அந்தக் கூட்டத்தில் அதுதான் கெட்டிக்காரக் குதிரை என்று அர்த்தம். தைப்பூசத்தில் பெரிய காவடி எடுத்தவர் முன்னால் போகிறார் என்பதற்காகக் காவடியைப் பெரிதாக்கினால் நடை வேகமாகும் என்று யாராவது சொல்வோமா? பலசாலி என்பதால் பெரிய காவடி, அவ்வளவுதான்.

எடை சரியாகப் போட்டிருந்தால் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்க வேண்டுமே, ஏன் நிற்கவில்லை என்று அடுத்துக் கேட்பாய். ஒரு காரணம் கீழ் எடை வரம்பு. அதே ஓட்டத்தில் 80 ரேட்டிங் குதிரையும் இருந்தால் கணக்குப்படி அதற்கு 50 கிலோதான் வர வேண்டும். ஆனால் குறைந்தபட்ச எடை 53 என்று வைத்திருந்தால் 53-ஐத்தான் சுமக்கும். மாமா கண்ணுக்கு அது லேசு, உண்மையில் 3 கிலோ அதிகம்! கார்டில் எடையை மட்டும் பார்க்காமல் ரேட்டிங்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்.

பழைய லாயக்காரன்:
வாத்தியார் சொன்னது சரிதான், ஆனால் எடைக்கு வேலையே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் சம்மர்வெல்ட் பயிற்சி லாயத்தில் குதிரை பார்த்துக்கொண்டவன். ஜாக்கி 50 கிலோ, குதிரைக்கு 58 போட்டிருக்கிறார்கள் என்றால் சேணத்தின் எடையையும் கழித்து மிச்சத்துக்குத் தட்டையான ஈயத் தகடுகளைச் சேணத்துக்கு அடியில் போகிற துணியின் பையில் செருகுவோம். தராசில் ஜாக்கி சேணத்தோடு ஏறி நிற்பார், ஓட்டம் முடிந்து வியர்வை சொட்டச் சொட்ட மறுபடியும் ஏற வேண்டும். ஜாக்கி குதிரையோடு சேர்ந்து அசைவார், ஈயம் அசையாது, அதனால் ஈயம்தான் கனம் என்று லாயத்தில் பழைய ஆட்கள் சண்டையே போடுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

குதிரையே 450, 500 கிலோ இருக்கும், அதில் 2 கிலோ என்பது அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் ஃபோட்டோ பார்த்து முடிவு சொல்கிற ஓட்டத்தில் அது போதும். ஹேண்டிகேப் போடுகிறவர்கள் கணக்கு ஏறக்குறைய இப்படி: 1000 மீட்டரில் ஒரு குதிரை நீளம் பின்தங்க வைக்க ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 1600-இல் ஒரு கிலோ, 2400-இல் அதிலும் குறைவு. அதாவது தூரம் கூடக் கூட அதே ஒரு கிலோ இன்னும் நன்றாகக் கடிக்கும்.

எடையைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரே குதிரையை வெவ்வேறு எடையில் பார்க்க வேண்டும் தம்பி. ஃபார் லாப் என்ற குதிரை 1930-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் கப் ஹேண்டிகேப்பில் 62.5 கிலோவோடு ஜெயித்தது. அடுத்த வருஷம் அதன் முதுகில் 68 ஏற்றினார்கள், எட்டாவதாக வந்தது.

ஃபீனிக்ஸ்காரர்:
அதே மெல்போர்ன் கப்பில் 1890-இல் கார்பைன் கிட்டத்தட்ட 66 கிலோ சுமந்து 39 குதிரைகளில் முதலாவதாக வந்ததே அண்ணா, இரண்டாவதாக வந்த குதிரைக்கு 24 கிலோ குறைச்சல்! ஒரு குதிரையை வைத்து எதையும் சொல்ல முடியாது. இன்னொன்று, எடை என்ன என்பது கார்டிலேயே இருக்கிறது, ஊரே பார்த்துத்தான் பணம் கட்டுகிறது. மேல் எடை அடிக்கடி ஜெயிக்கும், ஆனால் டோட்டில் (கட்டின பணத்தையெல்லாம் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கிற இடம்) கையில் வருவது கொஞ்சம். மாமா எத்தனை தடவை ஜெயித்தார் என்று கேட்காதே, வருஷக் கடைசியில் பையில் என்ன மிச்சம் என்று கேள்.

சாட்ஸ்வர்த் மருமகன்:
அந்தக் கேள்வியைக் கேட்டால் அத்தை சிரிப்பார், மாமா எழுந்து வெளியே போய்விடுவார். இன்னொரு சந்தேகம். மேல் எடைக் குதிரையில் 4 கிலோ கழிவு உள்ள பயிற்சி ஜாக்கியை ஏற்றுகிறார்களே, நல்ல குதிரை, எடையும் குறைவு, அது லாபம்தானே?

பழைய லாயக்காரன்:
அந்த 4 கிலோவைச் சும்மா கொடுக்கவில்லை, பையனுக்கு அனுபவம் போதாது என்றுதான் கொடுக்கிறார்கள். தொடக்கத்திலேயே முன்னால் விட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போகிற குதிரையென்றால் நான் போடுவேன். கூட்டத்துக்குள் இடுக்குத் தேடி வர வேண்டிய குதிரையென்றால் வேண்டாம், கிரேவிலில் கடைசி வளைவு தாண்டினால் நேர்பாதை ரொம்ப இல்லை, பையன் யோசித்து முடிப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடும்.

சாட்ஸ்வர்த் மருமகன்:
காவடிக் கதையை மாமாவிடம் சொல்லிவிட்டேன். "அப்படியா, வருகிற சனிக்கிழமை நீ மேல் எடையில் போடு, நான் 53-இல் போடுகிறேன், தோற்றவன் பன்னி சௌ (ரொட்டிக்குள் கறிக் குழம்பு) வாங்கணும்" என்கிறார். நாலாவது ஓட்டம்.

மெரிபேங்க் வாத்தியார்:
எத்தனை மீட்டர்? அந்த 53-க்கு ரேட்டிங் என்ன போட்டிருக்கிறது, டிரா, அதாவது புறப்படுகிற கதவு எண் எத்தனை? கார்டைப் பார்த்துச் சொல், அதற்கு முன்னால் மாமாவிடம் கை கொடுத்துவிடாதே.