சென்னை நந்தம்பாக்கம் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள போர் நினைவுச் சின்னத்தில் ஒரு பெயரைப் படம் எடுத்துத் தர முடியுமா?

வணக்கம். நான் இருப்பது இங்கிலாந்தின் டெவனில் ஒரு சின்னக் கிராமம். இங்கே தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கருங்கல் சிலுவை நிற்கிறது. முதல் உலகப் போரில் இறந்த ஊர்ப் பையன்களின் பெயர்கள் அதில் உண்டு. ஈய எழுத்துகள் சில உதிர்ந்துவிட்டன, மிச்சத்தைப் பாசி மூடுகிறது. (கம்பி பிரஷ் யோசனை வேண்டாம். கல் பாழாகிவிடும், திருச்சபை அனுமதியில்லாமல் தொடவும் கூடாது.)

அந்தப் போரில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவர பிரிட்டிஷ் அரசு விடவில்லை. பெற்றவர்கள் பூ வைக்க இந்தக் கல்தான் இருந்தது.

இந்தப் பெயர்களில் ஒருவர் இந்தியாவில் இறந்தவர். அவருடைய ராணுவக் கோப்பு கிடைக்கவில்லை. 1940-இல் லண்டன் மீது ஜெர்மனி நடத்திய குண்டுவீச்சில் முதல் உலகப் போர்க்காலக் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. ஆனால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவு சென்னையைக் காட்டுகிறது. நந்தம்பாக்கம் போர்க் கல்லறையின் பின்பக்கம் மெட்ராஸ் 1914–1918 நினைவுச் சின்னம் இருக்கிறதல்லவா, அதில்தான் அவர் பெயர். இந்தியாவின் பல ஊர்களில் புதைக்கப்பட்டு, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன 1,000 பேருக்கு மேல் அங்கே பொறித்திருக்கிறார்கள்.

யாராவது போய் அந்தப் பெயரைக் கிட்டத்தில் ஒரு படம், முழுச் சின்னத்தையும் ஒரு படம் எடுத்துத் தருவீர்களா? காலை சாய்வெயிலில் எழுத்து தெளிவாக விழும். பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அப்புறம், பழைய கன்டோன்மென்ட் தேவாலயங்களின் அடக்கப் பதிவேடுகளைப் பார்த்த அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள். நவம்பரில் இங்கே பெயர்களை வாசிப்பார்கள், அதற்குள் கிடைத்தால் பெரிய உதவி.