பொருள்: ‘ஆப்சலீட் ஸ்பேர்’ – தமிழில் என்ன சொல்வது?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அவசரமாக ஓர் உதவி வேண்டும். ஆலைகளின் கட்டுப்பாட்டு அமைப்புகளைப் பராமரிப்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பதினொரு அத்தியாயம் முடிந்தது, பன்னிரண்டாவதில் மாட்டிக்கொண்டேன். செய்த கம்பெனியே கைவிட்டுவிட்ட பழைய பி.எல்.சி. (ஆலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) கார்டுகளுக்கு ஸ்பேர் எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிச் சோதிப்பது, எத்தனை வாங்கி வைப்பது என்பதுதான் அத்தியாயம். பத்திக்கு ஒரு தடவையாவது ‘ஆப்சலீட்’ (obsolete) வருகிறது.

‘காலாவதியான உதிரிபாகம்’ என்று முதலில் போட்டேன். பிறகு ‘வழக்கொழிந்த’ என்று மாற்றினேன். இரண்டும் உறுத்துகின்றன, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. படிக்கப்போகிறவர்கள் பணிமனையில் நிற்கும் டெக்னீஷியன்கள். கையில் ஸ்க்ரூடிரைவரோடு படிப்பவருக்குப் புரிய வேண்டும். ஆலோசனை சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, வணக்கம். கண்ணெதிரே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எங்கோ தேடுகிறீர்கள். நன்னூலின் கடைசி நூற்பா, 462, ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே’. கழிதல் என்ற வினையே போதும். ‘கழிபாகம்’ என்று வினைத்தொகையாக வைத்துக்கொள்ளலாம், வலி மிகாது.

அதோடு, ‘உதிரி’ எனக்கு என்றுமே ஒப்பாத சொல். உதிர்ந்தது உதிரி. பூக்கட்டில் சேராமல் தனியே கிடப்பது உதிரிப்பூ. முன்யோசனையோடு எடுத்து வைத்த மாற்றுப்பொருளுக்கு அது எப்படிப் பொருந்தும்? நம்மிடம் அதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையான சொல் இருக்கிறது. புறநானூறு 102ஐ எடுத்துப் பாருங்கள். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. இளைய எருதுகள் நுகம் பழகாதவை, வண்டியில் பண்டம் நிறைய ஏற்றியிருக்கிறது, பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று எண்ணி, உப்பு வணிகர்களான உமணர்கள் ‘கீழ்மரத்து யாத்த சேம அச்சு’. வண்டியின் அடியிலேயே கட்டிக்கொண்டு போன மாற்று அச்சு. ஸ்பேர் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த மொழியில் இருக்கிறது? ஆகவே ஸ்பேர் என்றால் சேமம். ஆப்சலீட் ஸ்பேர் என்றால் ‘கழிசேமம்’.

கருவியியல் பொறியாளர் எழுதியது:

> கழிபாகம், கழிசேமம்

ஐயா, சேம அச்சைப் படித்ததும் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் ஸ்பேர் வாங்குவதே வேலையாக இருக்கிறேன், இந்தப் பாட்டு எனக்குத் தெரியாது. ஆனால் ‘கழி’யை மட்டும் ஸ்டோருக்குள் விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் நடந்தது இது. ஓடிக்கொண்டிருந்த பழைய அமைப்புக்கு நாலு இன்புட் கார்டுகளை அலைந்து திரிந்து வாங்கி வைத்திருந்தோம். அந்த அலமாரியில் யாரோ ‘காலாவதியான பாகங்கள்’ என்று தமிழில் சீட்டு ஒட்டினார்கள். வருடக் கடைசியில் ஸ்டோரை ஒழுங்குபடுத்த வந்தவர்கள் சீட்டைப் படித்தார்கள், நாலையும் கழிவுத் தொட்டியில் போட்டார்கள். அவர்கள் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். காலாவதியான மருந்தை வேறென்ன செய்வோம்? ஓடிப்போய்த் தேடியதில் இரண்டுதான் கிடைத்தன, ஒன்றில் ஓரத்திலுள்ள மின்தொடர்புகள் கீறிப்போயிருந்தன. ‘கழிபாகம்’ என்று எழுதினாலும் கழிவு என்றுதான் படிப்பார்கள்.

மொழிபெயர்ப்பாளருக்கு ஏன் உறுத்துகிறது என்று எனக்குத் தெரியும். ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 62402 என்ற சர்வதேசத் தரம் இதற்கென்றே இருக்கிறது. முதல் பதிப்பு 2007, இரண்டாவது 2019. அதன்படி ஒரு பொருள் பழசானதால் ஆப்சலீட் ஆவதில்லை. முதலில் செய்தவரிடமிருந்து அதே விவரக்குறிப்போடு இனிமேல் கிடைக்காது என்றால்தான் அது ஆப்சலீட். சீமென்ஸின் சிமாட்டிக் எஸ்5 என்ற பி.எல்.சி. வந்தது 1979ல். ஆலன்-பிராட்லியின் பி.எல்.சி-5 வந்தது 1986ல், நிறுத்தியது 2017ல். நிறுத்திய அன்று உலகத்தில் ஓடிக்கொண்டிருந்தவை எதுவும் நின்றுவிடவில்லை. அந்தக் கார்டு கெட்டுப்போகவில்லை, வழக்கொழியவும் இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. ஆலையை முப்பது வருடம் ஓடும் என்று கட்டுகிறோம். கார்டுக்குள் இருக்கும் சில்லுகள் அதற்கு வெகு முன்பே சந்தையை விட்டுப் போய்விடுகின்றன. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சொல்லும் அதைத்தான் காட்ட வேண்டும்: பொருளில் குறையில்லை, அது வரும் வழிதான் அடைபட்டது.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

பொறியாளர் சொன்னதோடு இலக்கணப் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்.’ இதுவும் நன்னூல்தான். கழி என்பது மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். கழிபேருவகை என்றால் மிகப் பெரிய மகிழ்ச்சி. அப்படிப் பார்த்தால் ‘கழிசேமம்’ என்பதற்கு ‘ஏராளமான கையிருப்பு’ என்று பொருள் வரும். நாம் தேடும் பொருளுக்கு நேரெதிர்.

சேமத்திலும் ஒரு தயக்கம். அதை வடமொழி க்ஷேமத்தோடு இணைப்பதுதான் அகராதி வழக்கம். பாகம் வடசொல் என்று ஒதுக்குகிறவர்கள் சேமத்தைக் கையில் எடுப்பது சரியா என்று யோசிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

கழி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சேமத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். காவல் என்ற பொருளில் ஏமம் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. குறள் 306ல் ‘இனமென்னும் ஏமப் புணை’ வருகிறது. ஏமம் முதலில் சகரம் பெற்றுச் சேமம் ஆகியிருக்கலாம். இளை – சிளை, உதிர் – சிதர் என்று இணை வைத்துப் பார்க்கலாம். சேர், சேகரம், சேந்துதல் எல்லாவற்றிலும் ஓர் அணைத்துக்கொள்ளும் பொருள் ஓடுகிறது. சேந்துகிணறு என்கிறோம், நீரை மொண்டு மேலே கொண்டுவருவது. சேக்கை என்றால் படுக்கை, பறவைக்குக் கூடு. அங்கும் காவல்தான். இதைத் தனி மடலாக விரிவாக எழுதுகிறேன்.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

ஐயா, சேகரம் வடசொல். இளை – சிளை என்ற இணையை நான் எந்த இலக்கியத்திலும் கண்டதில்லை. உதிரும் சிதரும் ஓரெழுத்துக் கூடியதால் ஆனவை அல்ல. தனி மடல் எழுதுங்கள், படிக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன் அது முடியாது.

தொழிற்பயிற்சி ஆசிரியை எழுதியது:

நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் இதே பாடத்தை வகுப்பில் நடத்துகிறேன், அதனால் சொல்கிறேன். உதிரி என்ற சொல் ஊன்றிவிட்டது. மாணவர்கள் அதைக் கேட்டதும் கை தானாக அலமாரிப் பக்கம் போகிறது. அதைப் பிடுங்க வேண்டாம். உதிரிபாகமா, உதிரிப்பாகமா என்பதை வேண்டுமானால் பெரியவர்கள் தீர்த்து வையுங்கள்.

நேற்று இந்த இழையைப் படித்துவிட்டு, ஸ்டோரில் இருப்பவர்களிடம் ஒரு பழைய கார்டைக் காட்டி இது என்ன நிலை என்று கேட்டேன். ஒருவரும் ஆப்சலீட் என்று சொல்லவில்லை, காலாவதி என்றும் சொல்லவில்லை. ‘இது இப்ப வர்றதில்லைங்க’ என்றார்கள். மூன்று பேரும் அதே வார்த்தை. வருவது நின்றது. காய்கறிக்கும் தண்ணீருக்கும் ‘வரத்து’ என்கிறோமே, அதையே இங்கேயும் வைத்தால் என்ன? ‘வரத்து நின்ற உதிரி.’ அலமாரியில் இப்படி எழுதி ஒட்டினால் யாரும் தொட்டியில் போட மாட்டார்கள். இனிமேல் வராது என்று தெரிந்த பொருளை யார் எறிவார்கள்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அம்மா, மிக்க நன்றி. நாற்பது இடத்திலும் மாற்றிப் பார்த்தேன், தடங்கலில்லாமல் ஓடுகிறது. ‘வரத்து நின்ற கார்டை வாங்கும்போது வரிசை எண்ணோடு ஃபர்ம்வேர் பதிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.’ நன்றாகத்தானே இருக்கிறது?

கருவியியல் பொறியாளர் எழுதியது:

எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, உற்பத்தி நிற்பதும் வரத்து நிற்பதும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஆலன்-பிராட்லியின் தாய்க் கம்பெனியான ராக்வெல் தன் பொருள்களை நாலு நிலையாகப் பிரிக்கிறது. நடப்பில் இருப்பது, நடப்பில் இருந்தாலும் புதிய மாற்று வந்துவிட்டது, முடிவுத் தேதி அறிவித்தது, நிறுத்தியது. மூன்றாவது நிலையில்தான் கடைசிக் கொள்முதலுக்கு ஆர்டர் போட வேண்டும். நிறுத்திய பிறகும் பழுதுபார்த்துத் தருவது சில காலம் தொடரலாம். அதனால் நாலாவதை ‘உற்பத்தி நின்றது’ என்றும், எல்லா வழியும் அடைபட்டதை மட்டும் ‘வரத்து நின்றது’ என்றும் பிரித்து எழுதுங்கள். மூன்றாவதை ‘ஆயுள் முடிவு’ என்று தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள். ஆயுள் யாருடையது? கார்டினுடையது அல்ல, விற்பனைப் பட்டியலில் அந்தப் பெயரினுடையது.

இரண்டு, தட்டுப்பாடு வேறு. நடப்பில் இருக்கும் பொருளே சில்லுப் பற்றாக்குறையில் ஒரு வருடம் கழித்துத்தான் வரும் என்று 2021ல் எத்தனையோ பேர் கேட்டிருப்பீர்கள். அது வரத்துக் குறைவு. காத்திருந்தால் வரும். வரத்து நின்றதற்குக் காத்திருப்பதில் பயனில்லை. ‘வரத்தின்மை’ என்று சுருக்கினால் இரண்டும் குழம்பிவிடும்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இல்லையென்றால் இதையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்று வருவது எல்லாம் நல்லதல்ல. போன மாதம் ஒரு பவர் சப்ளை கார்டு வந்தது. உறை பிரிக்கவே இல்லை, விற்றவர் சொன்னது உண்மைதான். திறந்து பார்த்தால் பெரிய கெபாசிட்டரின் அடியில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது, பக்கத்துச் செப்புத் தடம் பச்சை பூத்து ஒரு முடியளவு மெலிந்திருந்தது. கசியாவிட்டாலும், பல வருடம் மின்சாரம் படாமல் கிடந்த மின்பகு கெபாசிட்டரின் உள்ளே ஆக்சைடு படலம் தளர்ந்திருக்கும். முழு மின்னழுத்தத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் வெடித்துவிடக்கூடும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். இதற்கு ‘ரீஃபார்மிங்’ என்று பெயர். தமிழ் என்ன?

தொழிற்பயிற்சி ஆசிரியை எழுதியது:

பழக்குதல். கெபாசிட்டரை மின்னழுத்தத்துக்குப் பழக்குதல். வகுப்பில் அப்படித்தான் சொல்கிறேன், கன்றுக்குட்டியை நுகத்துக்குப் பழக்குவதுபோல.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

பழக்குதல் அருமை. புறநானூற்று எருதுகளும் நுகம் பழகாதவைதான் என்பதை நினைவில் கொள்க.

வரத்து நல்ல தமிழ். வா என்ற வினையடியில் பிறந்தது, போக்குவரத்தில் வாழ்வது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ‘வரத்து நின்ற உதிரி’ ஒரு தொடர், கலைச்சொல் அல்ல. நாளைக்கு ஒருவர், பொருள்கள் ஆப்சலீட் ஆவதைத் திட்டமிட்டுச் சமாளிக்கும் ‘ஆப்சலசென்ஸ் மேனேஜ்மென்ட்’ என்பதைத் தமிழாக்க வந்தால் என்ன செய்வார்? ‘வரத்து நிற்றல் மேலாண்மை’ என்பாரா? நாக்கில் நிற்குமா? ஒரு பெயர்ச்சொல் வேண்டும். ‘வரத்தறுதி’ என்று பரிந்துரைக்கிறேன். அறுதி என்றால் முடிவு.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:

வரத்தறுதியை வரத்து + உறுதி என்று படிப்பவர்களும் இருப்பார்கள். பொருள் மறுபடியும் தலைகீழாகிவிடும். தொடராக இருந்தால் குற்றமில்லை. தமிழில் பல கலைச்சொற்கள் தொடர்களே.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இன்று மதியம் அனுப்பிவிட்டேன். அத்தியாயத் தலைப்பு ‘வரத்து நின்ற உதிரிகள்’. நிலை அட்டவணையில் பொறியாளர் சொன்னபடி உற்பத்தியையும் வரத்தையும் பிரித்துவிட்டேன். மூன்றாவது நிலைக்கு ‘முடிவு அறிவித்தது’ என்று போட்டேன், முழு நிறைவில்லை. அதைவிட நல்லது கிடைத்தால் அடுத்த பதிப்பில் மாற்றலாம் என்கிறார்கள். இந்த நால்வரில் மூவர் ஒத்துக்கொண்டதை வைத்து அனுப்பினேன், தமிழாசிரியர் ஐயாவின் மறுப்பு அப்படியே இருக்கிறது.

ஆனால் ஐயா, உங்கள் சொல்லையும் ஓரிடத்தில் வைத்திருக்கிறேன். கம்பெனி நிறுத்தப்போகிறது என்று தெரிந்ததும், ஆலைக்கு மீதமுள்ள காலம் முழுவதற்கும் கணக்குப் போட்டு ஒரே தடவையில் வாங்கி வைக்கிறார்களே, அந்த இருப்புக்கு ‘சேம இருப்பு’ என்று போட்டேன். வழியில் அச்சு கிடைக்காது என்று தெரிந்துதானே உமணர்கள் புறப்படும்போதே கட்டிக்கொண்டார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

தம்பி, மகிழ்ச்சி. பொருத்தமான இடம்தான். ‘சேமவிருப்பு’ என்று உடம்படுமெய் சேர்த்து எழுதியிருக்கலாம். சேமம் – ஏமம் பற்றிய மடலை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். வரத்தறுதியை நான் இன்னும் கைவிடவில்லை.