தொழிற்கல்லூரியில் ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்), கேம்பஸ் மேனேஜர் ஆனவர்கள் இருக்கீங்களா? உங்க அனுபவம் எழுதுங்க

சாட்ஸ்வர்த்_வயர்மேன்:
எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல ஒரு டிவெட் (அரசு தொழிற்பயிற்சி) கல்லூரியில் எலக்ட்ரிகல் சொல்லிக் கொடுக்கிறேன். முதல்ல ஃபேக்டரியில ஆர்டிசன் (கைத்தொழில் தெரிஞ்ச வேலையாள்), அப்புறம் லெக்சரர், இப்போ சீனியர் லெக்சரர். எங்க ஹெச்.ஓ.டி. ஓய்வு பெறுறார், போஸ்டுக்கு விளம்பரம் வந்தாச்சு. வீட்ல "விண்ணப்பம் போடுங்க"ன்னு ஒரே பிடி. எனக்குத்தான் மனசு ரெண்டா நிக்குது. அந்த நாற்காலியில உக்காந்தவங்க, இல்ல அந்த நாற்காலிக்குக் கீழ வேலை பாத்தவங்க, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க.

ஃபீனிக்ஸ்_அக்கா:
தம்பி, நான் ஃபேப்ரிகேஷன் பக்கம். நீ நிக்கிற படியெல்லாம் ஏறித்தான் இப்போ கேம்பஸ் மேனேஜரா இருக்கேன். ஹெச்.ஓ.டி. ஆனதும் கையில வெல்டிங் டார்ச் இருக்காது, ஃபைல்தான். ஐகாஸ் (வருஷம் முழுக்கப் போடுற உள் மதிப்பீடு) மார்க்கைச் சரிபார்க்கிறது, டைம்டேபிள், லீவு போட்டவருக்கு மாற்று ஆள், 80 சதவீதம் வருகை இல்லாத பையனோட அம்மா வந்து அழும்போது பதில் சொல்றது. இதுதான் அன்றாடம்.

ஆனா வொர்க்‌ஷாப் தெரிஞ்சவ கையெழுத்துப் போடுறதும் தெரியாதவர் போடுறதும் ஒண்ணில்ல. எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துல வெல்டிங் ராட் வாங்கினாங்க. மூணு கொட்டேஷன், அதுல மலிவானது, எல்லாம் சட்டப்படி. 2.5 மி.மீ. வேணும்னு யாரும் எழுதல. வந்து இறங்கினது 4 மி.மீ. பிள்ளைங்க பழகுறதோ 3 மி.மீ. தகடு. ஆர்க் பட்ட இடமெல்லாம் ஓட்டை. மாத்தி வாங்க மறுபடியும் அதே மூணு கொட்டேஷன். அதுக்குள்ள என்.சி.வி. (லெவல் 2-லிருந்து 4 வரை போற தொழிற்படிப்பு) பிள்ளைங்களோட ஐசாட்ங்கிற செய்முறைத் தேர்வு வந்துருச்சு. நான் வந்த பிறகு ராடோட அளவு, வகை, தகட்டோட கனம் எல்லாம் நானே எழுதுறேன். கிளார்க்கைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்ல, அவங்க ராடைப் பாத்ததே இல்ல.

இன்னொண்ணு, விளம்பரத்துல ஒரு வரியில போயிடும்: பிள்ளைங்களுக்குக் கம்பெனியில இடம் பிடிக்கிறது. இஞ்சினியரிங்ல கடைசிப் படியான என்6 முடிச்சாலும் டிப்ளமா கைக்கு வர 24 மாசம் வேலை அனுபவம் வேணும், வணிகப் பிரிவுக்கு 18. அந்த இடத்தை யார் தேடுறது? டர்பன்ல ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில ஒரு மெஷின் ஷாப்புக்கு ஒரு பையனைக் கூட்டிட்டுப் போனேன். ஃபோர்மேன் பயோடேட்டாவைத் திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு ஷாஃப்டையும் மைக்ரோமீட்டரையும் அவன் கையில குடுத்தார். பையன் உடனே அளக்கல. மைக்ரோமீட்டரோட ரெண்டு முகத்தையும் துணியால துடைச்சான், அதை மூடி வச்சு ஜீரோ சரியா இருக்கான்னு பாத்தான், அப்புறம்தான் ஷாஃப்டை வச்சான். அவன் அளவைச் சொல்றதுக்கு முன்னாடியே ஃபோர்மேன் என்னைப் பாத்து, "இவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு?"ன்னு கேட்டார். அந்தக் கம்பெனி இன்னைக்கும் எங்க பிள்ளைங்களை எடுக்குது.

பழைய_ஃபிட்டர்:
என் தமிழ் சாயங்காலப் பள்ளிக்கூடத்துத் தமிழ், பிழை இருந்தா பொறுத்துக்கணும்.

நான் எம்.எல். சுல்தான் டெக்னிகல் காலேஜ்ல படிச்சவன். அந்தச் சுல்தான் 1890-இல் கொல்லம் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலியா வந்து, ரயில்வேயில் சாமான் தூக்கி, பிறகு வியாபாரத்தில் சம்பாதிச்சுக் கொடை குடுத்தவர். காலேஜ் 1946-இல் வந்தது. நம்ம இந்தியப் பிள்ளைகளுக்கு அப்ரண்டிஸ் வாசல் பெரும்பாலும் சாத்திக் கிடந்த காலம். இன்னைக்கு அந்தக் கட்டடமெல்லாம் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோட ஒரு வளாகம்.

எங்க செக்‌ஷன் ஹெட் அதிகம் பேசமாட்டார். வொர்க்‌ஷாப் சுவத்துல ஷேடோ போர்ட் இருக்கும், ஒவ்வொரு ஆயுதத்துக்கும் அதோட உருவத்தைக் கறுப்புப் பெயின்ட்ல வரைஞ்சிருப்பாங்க. சாயங்காலம் அதுல ஒரு இடம் காலியா இருந்தா ஒருத்தனும் வீட்டுக்குப் போக முடியாது. அவரும் போகமாட்டார், பஸ் போனாலும் சரி. எங்களோட சேர்ந்து லேத்துக்கு அடியில குனிஞ்சு ஸ்பேனர் தேடுவார். நான் பின்னாடி முப்பது பேரை வேலை வாங்கினப்போ அவர் செஞ்சதைத்தான் செஞ்சேன். மேனேஜ்மென்ட் கோர்ஸ் எதுக்கும் போனதில்ல.

கோவைக்காரன்_ப்ரிட்டோரியா:
அங்கிள், அக்கா ரெண்டு பேரும் மன்னிக்கணும், நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். ஊர்ல ஐ.டி.ஐ.ல இருந்துட்டு இங்க கான்ட்ராக்ட்ல வந்தவன் நான். தங்கமான ஃபிட்டர் ஒருத்தர் எனக்கு ஹெச்.ஓ.டி.யா இருந்தார். லேத்துல கை வச்சா ஆறு பேர் நின்னு வேடிக்கை பாப்பாங்க. ஆனா பட்ஜெட் படிவம்னா ஓடிடுவார். வருஷக் கடைசியில செலவாகாத பணம் திரும்பிப் போச்சு, எங்களுக்கு ஒரு ட்ரில் பிட்கூட வரல. அவருக்கு அப்புறம் வந்தம்மா அக்கவுன்ட்ஸ் சொல்லிக் கொடுத்தவங்க. வெர்னியர் எது, மைக்ரோமீட்டர் எதுன்னு தெரியாது. வந்த முதல் வாரமே ஸ்டோர் ரூம் சாவியை வாங்கி, எங்களை ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, "உங்களுக்கு என்ன இல்லாம வேலை நிக்குது?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. கேட்டதுல பாதிக்கு மேல வந்துச்சு.

இன்னொரு விஷயம், 2002-இல் 152 டெக்னிகல் காலேஜைச் சேர்த்து 50 ஆக்கினாங்க. அதனால ஒரு கல்லூரிக்குக் கீழ பல கேம்பஸ். கேம்பஸ் மேனேஜர்னா ராஜான்னு நெனைக்காதீங்க, பணம் சென்ட்ரல் ஆபீஸ்ல. லெக்சரர்கள் 2015 ஏப்ரல்ல மாகாணத்துக்கிட்ட இருந்து தேசிய உயர்கல்வித் துறைக்குப் போனதிலிருந்து பல முடிவுக்கு ப்ரிட்டோரியாவைப் பாக்கணும். நான் ப்ரிட்டோரியாவிலேயே இருக்கேன், எனக்கும் பதில் வர்றதில்ல, அது வேற கதை.

ஃபீனிக்ஸ்_அக்கா:
கோவைக்காரர் சொல்றதுல தப்பில்ல. அந்தம்மா தெரியாததைக் கேட்டாங்க, அதான் பிழைச்சாங்க. எனக்குக் கோபம் வர்றது தெரியாமலும் கேக்காமலும் கையெழுத்துப் போடுறவங்க மேலதான்.

டோங்காட்_மாணவி:
நான் லெக்சரர் இல்ல, படிச்சவ. வருஷ ஆரம்பத்துல என்ஸ்ஃபாஸ் (அரசு மாணவர் உதவித்தொகை) பணம் வரலன்னு கேட்டைப் பூட்டிப் போராட்டம். எங்க கேம்பஸ் மேனேஜர் கேட்டுக்கு வெளியில வந்து எங்களோட நின்னார். பணம் தர்றேன்னு சொல்லல, அவரால முடியாது. யார் யாருக்கு வரலன்னு நோட்டுல பேரும் ஐ.டி. நம்பரும் எழுதிக்கிட்டு, அடுத்த நாள் அதே இடத்துல வந்து எது எங்க நிக்குதுன்னு படிச்சுச் சொன்னார். சில பேருக்கு பேங்க் விவரம் தப்பு, சில பேருக்கு ரெஜிஸ்ட்ரேஷன் டேட்டாவே போகல. கத்துறவங்க குறைஞ்சாங்க. பக்கத்து கேம்பஸ்ல செக்யூரிட்டியைத்தான் அனுப்பினாங்க, அங்க ஜன்னல் உடைஞ்சது.

சாட்ஸ்வர்த்_வயர்மேன்:
எல்லாருக்கும் நன்றி. சரி, போடுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கு ரெட் சீல் (தொழில் தேர்வு பாஸ் பண்ணின சான்றிதழ்) இருக்கு, என்6 இருக்கு, வேலை பாத்துக்கிட்டே அட்வான்ஸ்டு டிப்ளமா இன் டெக்னிகல் அண்ட் வொகேஷனல் டீச்சிங் முடிச்சிருக்கேன். இது போதுமா?

ஃபீனிக்ஸ்_அக்கா:
விளம்பரத்துல கேட்டிருக்கிற ஆர்.இ.க்யூ.வி. (கல்வித் தகுதியை எடைபோடுற அளவு) தரத்தோட பொருந்துதான்னு பாரு. சேஸ் (ஆசிரியர் கவுன்சில்) பதிவு கேட்டிருந்தா நடப்புல இருக்கணும். விண்ணப்பம் இசட்83-ங்கிற அரசு வேலைக்கான புதுப் படிவத்துலதான், 2021-க்கு முந்தினது வேண்டாம். ஒரு கட்டமும் காலியா விடாதே, கையெழுத்தை மறந்துடாதே. திறமைசாலிங்க எத்தனையோ பேர் அந்தப் படிவத்துலயே கழிஞ்சு போறதை நான் பேனல்ல உக்காந்து பாத்திருக்கேன், வயிறு எரியும்.

இன்டர்வியூவில் "உங்க பிரிவுல பாஸ் பண்றவங்க எண்ணிக்கை குறைவா இருக்கு, என்ன செய்வீங்க?"ன்னு கட்டாயம் வரும். எல்லாரும் "எக்ஸ்ட்ரா கிளாஸ்"ங்கிறாங்க. நீ எந்தப் பாடம், எந்த லெவல், பிள்ளை எந்த மாசத்துல நிக்குதுன்னு பேசு. லெவல் 2-ல கணக்குல விழுறவனை லெவல் 4 வரைக்கும் யாரும் தூக்கி விட முடியாது. அதைச் சொல்ற ஆளைப் பேனல் நிமிர்ந்து பாக்கும்.

பழைய_ஃபிட்டர்:
யூனியன்காரங்களும் பார்வையாளரா உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கும் வணக்கம் சொல்லு, முகத்தைத் திருப்பிக்காதே.

சாட்ஸ்வர்த்_வயர்மேன்:
அக்கா, கடைசி நாள் வெள்ளிக்கிழமை. என் சிவியை ஒரு தடவை பாத்துச் சொல்ல முடியுமா?

ஃபீனிக்ஸ்_அக்கா:
அனுப்பு. ஆனா பத்துப் பக்கம் அனுப்பாதே, புரட்டாசி வேற, வீட்ல வேலை தலைக்கு மேல கிடக்கு.