கெர்னல் மாற்றியதிலிருந்து வைஃபை அறுந்துகொண்டே இருக்கிறது, பைசெக்ட் செய்தால் ஒலி அட்டையைக் கைகாட்டுகிறது. உதவுங்கள்

அறுந்தகம்பி:

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

மடிக்கணினியில் லினக்ஸ். பழைய கெர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) இரண்டு வருடம் வைஃபை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அடுத்த பெரிய வெளியீட்டுக்கு மாறிய நாளிலிருந்து இணைப்பு திடீரென்று அறுந்துவிடுகிறது, பத்து நொடியில் தானாகவே மறுபடி ஒட்டிக்கொள்கிறது. பத்து நொடிதானே என்று நினைப்பீர்கள், அதற்குள் எஸ்எஸ்எச் அமர்வு (தொலைக் கணினியோடு உள்ள இணைப்பு) போய்விடும், பேசிக்கொண்டிருந்த அழைப்பு போய்விடும்.

ரவுட்டரை அணைத்துப் போட்டேன், சேனல் மாற்றினேன், 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4க்கு வந்து பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. அதே வீட்டில் கைப்பேசி, இன்னொரு மடிக்கணினி இரண்டும் நன்றாக இருக்கின்றன.

சரி, முறையாகச் செய்வோம் என்று வார இறுதி முழுக்க உட்கார்ந்து கிட் பைசெக்ட் செய்தேன், அதாவது நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் உள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகச் சோதித்துக் குற்றவாளியைத் தேடினேன். 14 முறை கெர்னல் கட்டினேன். கடைசியில் அது குற்றவாளி என்று காட்டியது ஒரு ஒலி அட்டை டிரைவரின் கமிட்டை (பதிவான ஒரு குறியீட்டு மாற்றத்தை)! என் கணினியில் அந்த ஒலி அட்டையே கிடையாது. நான் எங்கே தப்பு செய்தேன்?

துளிர்:

மின்சேமிப்பை (சும்மா இருக்கும்போது வைஃபை அட்டை தூங்குவதை) நிறுத்திப் பார்த்தீர்களா? ஐடபிள்யூ கட்டளையில் பவர் சேவ் ஆஃப் கொடுத்தால் போதும். நெட்வொர்க்மேனேஜர் மறுபடி போட்டுவிடாமல் இருக்க அதன் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் மதிப்பை 2 ஆக்குங்கள், 2 என்றால் நிறுத்து, 3 என்றால் இயக்கு. வைஃபை தொல்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் மருந்து.

மழைக்காகிதம்:

எனக்கும் இதே பிரச்சினை!! யூஎஸ்பி அடாப்டர், பழைய கெர்னலிலும் அறும், புதியதிலும் அறும். யாராவது தீர்வு சொல்லுங்கள்.

பழைய_மோடம்:

மழைக்காகிதம், பழைய கெர்னலிலும் அறுகிறது என்றால் அது இதே பிரச்சினை இல்லை. உங்களுடையது யூஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட்டாக (சும்மா இருக்கும் கருவியைத் தூங்கவைப்பது) இருக்கலாம், மின்சாரம் போதாமலும் இருக்கலாம். தனி இழை தொடங்குங்கள், இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

அறுந்தகம்பி தம்பி, மூன்று கேள்வி.

ஒன்று, கெர்னலோடு ஃபர்ம்வேர் (வைஃபை அட்டைக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) தொகுப்பும் சேர்ந்து மாறியதா? பெரும்பாலும் இரண்டும் ஒரே புதுப்பிப்பில் வரும், பழி மட்டும் கெர்னலுக்குப் போகும். புதிய ஃபர்ம்வேரை அப்படியே வைத்துக்கொண்டு பழைய கெர்னலில் துவக்கிப் பாருங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: பழைய டிரைவர் வேறு பெயருள்ள பழைய ஃபர்ம்வேர் கோப்பைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். அதனால் டிமெஸ்க்கில் (கெர்னல் பதிவில்) ஃபர்ம்வேர் பதிப்பு எண் இரண்டிலும் ஒன்றா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இரண்டு, அறுகிற நொடியில் பதிவில் என்ன வருகிறது? நம் கணினியே முறித்துக்கொண்டால் ‘பை லோக்கல் சாய்ஸ்’ என்று இருக்கும். ரவுட்டர் வெளியே தள்ளினால் அந்த வார்த்தை இருக்காது, காரண எண் மட்டும் இருக்கும். ரவுட்டரின் பீக்கனே (‘இங்கே இருக்கிறேன்’ என்று அது விடும் அறிவிப்பு) காதில் விழவில்லை என்றால் ‘கனெக்ஷன் டு ஏபி லாஸ்ட்’ என்று வேறு வரி. மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்.

மூன்று, பைசெக்டில் ஒரு கெர்னலை ‘நல்லது’ என்று சொல்லும் முன் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?

அறுந்தகம்பி:

துளிர், நீங்கள் சொன்னபடி மின்சேமிப்பை நிறுத்தினேன், நேற்று முழுக்க ஒருமுறைகூட அறவில்லை! ஆனால் பேட்டரி கண்ணெதிரே இறங்குகிறது.

மோடம் அண்ணா, உங்கள் கேள்விகளுக்கு: ஃபர்ம்வேர் பதிப்பு இரண்டிலும் ஒன்றேதான், பழைய கெர்னலில் அறுவதில்லை. பதிவில் லோக்கல் சாய்ஸ் இல்லை, காரணம் 16 என்று இருக்கிறது, எல்லாத் தடவையும் அதே 16. நேரங்கள் (மின்சேமிப்பு இருந்த நாள்): காலை 9:14:07, 11:14:07, மதியம் 12:14:08, 3:14:07. நடுவில் சில மணி நேரம் ஒன்றும் இல்லை. இன்னொன்று, படம் ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்ததே இல்லை, சும்மா எதையாவது படித்துக்கொண்டிருக்கும்போதுதான்.

பைசெக்டில் ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம் காத்திருந்தேன். குறைவா?

துளிர்:

நின்றுவிட்டதே, அப்புறம் என்ன. அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய_மோடம்:

விடாதீர்கள். வலி நின்றது, நோய் அங்கேயே இருக்கிறது. நீங்கள் போட்ட நேரங்களை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள் தம்பி.

எல்லாம் 14 நிமிடம், 7 அல்லது 8 நொடி! ரேடியோ இரைச்சல் கடிகாரம் பார்த்து வராது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ரவுட்டர் எதையோ செய்கிறது, சில சமயம் உங்கள் கணினி அதற்குப் பதில் சொல்லாமல் விடுகிறது. 16 என்பது 802.11 என்ற வைஃபை தரத்தில் குழுச் சாவி கைகுலுக்கல் காலாவதி. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ‘க்ரூப் கீ ரீனியூவல்’ அல்லது அதுபோல ஒரு பெயரில் 3600 என்று இருக்கும், போய்ப் பாருங்கள்.

எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகப் போகிற பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் பொட்டலங்களைப் பூட்ட ஒரு பொதுச் சாவி இருக்கிறது. அதை ரவுட்டர் அவ்வப்போது மாற்றும். புதுச் சாவியை ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக அனுப்பி ‘கிடைத்தது’ என்று பதில் கேட்கும். பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும், ஹோஸ்ட்ஏபிடி மாதிரியான மென்பொருளில் இயல்பாக நான்கு முறை வரை. அப்போதும் பதில் இல்லையென்றால் வெளியே தள்ளிவிடும், காரணம் 16 போட்டு.

உங்கள் பைசெக்ட் ஏன் ஒலி அட்டையில் போய் நின்றது என்பதும் இதிலேயே இருக்கிறது. மணிக்கு ஒருமுறை வருகிற கோளாறுக்கு இருபது நிமிடம் காத்திருந்தால், அந்தக் கணம் உங்கள் இருபது நிமிடத்துக்குள் விழ மூன்றில் ஒரு பங்குதான் வாய்ப்பு. விழுந்தாலும், அப்போது நீங்கள் ஏதாவது இறக்கிக்கொண்டிருந்தால் அறாது. ஆக, கெட்ட கெர்னலை நீங்கள் ‘நல்லது’ என்று சொன்னது ஒருமுறை மட்டும் இருக்காது. பைசெக்ட் நீங்கள் சொல்வதை அப்படியே நம்பும், ஒரே ஒரு பொய்யான ‘நல்லது’ போதும், உண்மையான குற்றவாளி இருக்கிற பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தில் தேடும். ‘கெட்டது’ என்பதை ஒருமுறை பார்த்தாலே நம்பலாம், ‘நல்லது’ என்பதை அப்படி நம்ப முடியாது.

முதலில் கோளாறைக் கூப்பிட்டால் வருகிற மாதிரி ஆக்குங்கள், அப்புறம் பைசெக்ட். ரவுட்டரில் 3600ஐ 60 ஆக்கிவிட்டு, கணினியைச் சும்மா வைத்துப் பாருங்கள்.

அறுந்தகம்பி:

அண்ணா!! 60 ஆக்கினேன், ஐந்து நிமிடத்தில் நான்கு முறை அறுந்தது. பழைய கெர்னலில் அதே 60 வைத்து ஒரு மணி நேரம், ஒன்றுமில்லை. மூன்று வாரம் போன பிறகு இப்போது கூப்பிட்டால் வருகிறது.

ஆனால் ஒன்று புரியவில்லை. தூங்கும்போது பொட்டலம் தொலைகிறது என்றால் சாதாரண பிங்கும் (பதில் கேட்டு அனுப்பும் சோதனைப் பொட்டலம்) தொலைய வேண்டுமே? ரவுட்டருக்கு நொடிக்கு ஒரு பிங் விட்டேன், 300க்கு 300ம் திரும்பி வந்தது.

கடைசிவரிசை:

குறுக்கே வருகிறேன், மேக்80211 (கெர்னலின் வைஃபை அடுக்கு) பக்கம் கொஞ்சம் பழக்கம் உண்டு. நல்ல கேள்வி இது, விடை வரிசைகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வைஃபையில் அனுப்ப வேண்டியவை எல்லாம் ஒரே வரிசையில் நிற்பதில்லை. நான்கு வரிசைகள்: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. உங்கள் பிங் சாதாரண வரிசையில் போகிறது. சாவி கைகுலுக்கல் பொட்டலங்களுக்கு மேக்80211 முன்னுரிமை 7 போடுகிறது, அதனால் அவை குரல் வரிசையில் போகின்றன. ஒருவேளை தூக்கத்திலிருந்து எழும்போது அந்த ஒரு வரிசையை மட்டும் டிரைவர் மறந்துவிட்டால்? முதன்முதலில் இணையும்போது அட்டை விழித்திருக்கும், கோளாறு தெரியாது. படம் ஓடும்போதும் விழித்திருக்கும். சும்மா இருக்கும்போதுதான் மாட்டும். நீங்கள் சொன்ன அறிகுறி அத்தனையும் இதில் பொருந்துகிறது.

ரவுட்டரைத் தொடாமலே சோதிக்கலாம். பிங் கட்டளையில் பெரிய எழுத்து க்யூ விருப்பத்துக்கு 192 என்று கொடுங்கள். அந்த மதிப்புள்ள பொட்டலம் குரல் வரிசைக்குப் போகும். வேறு எதுவும் ஓடக்கூடாது, உலாவியை மூடிவிடுங்கள்.

அறுந்தகம்பி:

60 அனுப்பினேன், 51 தொலைந்தது. மிச்சம் 9ம் பல நொடி தாமதமாக வந்தது. 192ஐ எடுத்துவிட்டு அதே பிங்: 60க்கு 60. மின்சேமிப்பை நிறுத்திவிட்டு 192ஓடு: 60க்கு 60. பழைய கெர்னலில் மின்சேமிப்போடு, 192ஓடு: 60க்கு 60.

கை நடுங்குகிறது. ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதை ஒரே நிமிடத்தில் பார்த்துவிட்டேன்.

பழைய_மோடம்:

பிரமாதம் கடைசிவரிசை, இது எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பி, இனி பைசெக்ட் ஒரு மாலை வேலை. டிரைவரின் அடைவையும் நெட் கீழே உள்ள மேக்80211 அடைவையும் மட்டும் பாதையாகக் கொடுங்கள், பத்தாயிரத்துக்கு மேல் இருக்கிற கமிட்டுகள் சில டஜனாகச் சுருங்கிவிடும். குற்றவாளி அந்த அடைவுகளுக்கு வெளியே இருந்தால் இந்த வழி ஏமாற்றும், அதனால் முடிவைத் தனியே சரிபார்க்காமல் நம்பாதீர்கள். லோகல்மாட்கான்ஃபிக் போட்டால் இப்போது ஏறியிருக்கிற மாட்யூல்களை மட்டும் கட்டும், நேரம் மிச்சம். ஒவ்வொரு முறையும் யூநேம் பார்த்து, துவங்கியது நீங்கள் கட்டிய கெர்னல்தானா என்று உறுதிசெய்யுங்கள். சிரிக்காதீர்கள், நான் ஒருமுறை ஒரே கெர்னலை ஆறு முறை சோதித்திருக்கிறேன்.

அறுந்தகம்பி:

சிரிக்கவில்லை அண்ணா, எனக்கே நடந்தது. மூன்றாவது படியில் கெர்னல் புதிது, ஆனால் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் (துவக்கத்தில் முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பு) முந்தைய படியின் வைஃபை மாட்யூல் உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, நீங்கள் சொல்லியிருந்ததால் பார்த்தேன். அதை மறுபடி உருவாக்கிவிட்டு அந்தப் படியைத் திரும்பச் செய்தேன்.

ஆறு படி. இந்த முறை சரியான இடத்தில் வந்து நின்றது: ‘எழும்போது வரிசைகளைத் தள்ளிவிடும் குறியீட்டை எளிமையாக்குதல்’ என்ற பொருளில் தலைப்பு உள்ள ஒரு கமிட். நான்கு தனித்தனி வரிகளை எடுத்துவிட்டு ஒரு ஃபார் வளையம் போட்டிருக்கிறார்கள். வளையம் 1லிருந்து தொடங்குகிறது.

கடைசிவரிசை:

ஹா! மேக்80211இல் குரல் வரிசையின் எண் 0. வீடியோ 1, சாதாரணம் 2, பின்னணி 3. பூஜ்யத்தை விட்டுவிட்டார்கள். இணையும், உலாவும், இறக்கும், வேகச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும். எழுதியவர் தன் மேசையில் எத்தனை முறை சோதித்திருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது, பாவம்.

பழைய_மோடம்:

தெரிவிக்கும் முன் ஒரே ஒரு வேலை. இன்றைய புதிய கெர்னலை எடுத்து, அந்தக் கமிட்டை மட்டும் ரிவர்ட் செய்து (திரும்ப எடுத்துவிட்டு) 192 பிங் விடுங்கள். சரியானால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒலி அட்டைக்காரர் மேல் பழி போட இருந்தீர்களே, இந்த ஒரு சோதனை செய்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அப்புறம் அந்தக் கமிட்டை எழுதியவருக்கும் டிரைவரைப் பராமரிப்பவருக்கும் எழுதுங்கள். ‘வைஃபை வேலை செய்யவில்லை’ என்று தொடங்காதீர்கள். ரிக்ரஷன் (முன்பு ஓடியது இப்போது கெட்டது) என்று முதல் வரியிலேயே சொல்லி, எந்தக் கெர்னலில் நன்றாக இருந்தது, எந்தக் கமிட்டில் கெட்டது, எந்தக் கட்டளையில் ஒரு நிமிடத்தில் பார்க்கலாம், ரிவர்ட் செய்தால் என்ன ஆகிறது என்று நான்கே வரி. பயனருக்கு வேலை செய்துகொண்டிருந்ததைக் கெர்னல் மாற்றம் கெடுக்கக்கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் வருடக்கணக்காகப் பிடிவாதமாக இருக்கிறார், அதனால் இந்த வார்த்தைக்கு அங்கே மதிப்பு உண்டு. ‘பயல்கள் சோதிக்காமலே அனுப்புகிறார்கள்’ போன்ற வரி மனதில் இருந்தால் மனதிலேயே இருக்கட்டும்.

அறுந்தகம்பி:

அது மாதிரி ஒரு வரி வரைவில் இருந்தது, எடுத்துவிட்டேன் :)

ரிவர்ட் செய்தேன், 192ஓடு 600க்கு 600. எழுதி அனுப்பிவிட்டேன்.

அறுந்தகம்பி (பத்து நாள் கழித்து):

நிலவரம் சொல்ல வந்தேன். எழுதியவரே மறுநாள் பதில் போட்டார், ‘ஐயோ, ஆமாம்’ என்கிற தொனியில். 1ஐ 0 ஆக்கும் ஒற்றை வரிப் பேட்ச், கீழே சோதித்தவர் என்று என் பெயர். நிலையான கெர்னலின் அடுத்த புள்ளி வெளியீட்டிலும் வந்துவிட்டது, இன்று போட்டுப் பார்த்தேன். மின்சேமிப்பைத் திரும்ப இயக்கிவிட்டேன், ரவுட்டரில் 60ஐ மறுபடி 3600 ஆக்கிவிட்டேன் (மறந்தே போயிருந்தேன், கைப்பேசி ஏன் சூடாகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், இதனால்தானா என்று தெரியாது). துளிர், மோடம் அண்ணா, கடைசிவரிசை, மூவருக்கும் நன்றி.

மழைக்காகிதம்:

நானும் அந்தப் புதிய கெர்னல் போட்டேன், எனக்கு இன்னும் அறுகிறது!!

பழைய_மோடம்:

தனி இழை, மழைக்காகிதம். தனி இழை. டிமெஸ்க்கோடு வாருங்கள், பார்ப்போம்.