மறுமொழி: டிஎன்ஏ, ஆர்என்ஏ-வைப் பிடிக்கிற மருந்துக்கெல்லாம் "பிணைப்பி"ன்னு ஒரே பேர் வேணாம்

வணக்கம் எல்லாருக்கும், டிஎன்ஏ, ஆர்என்ஏ-வைப் பிடிக்கிற மருந்துகளுக்கு நம்ம தமிழ்க் கலைச்சொல் பட்டியல்ல என்ன பேர் வைக்கலாம்னு பேசிட்டிருக்கோமே, அதுக்கு என் பதில் இது.

> டிஎன்ஏ-வோட சேர்ற எல்லா சிறுமூலக்கூறுக்கும் பொதுவா "டிஎன்ஏ பிணைப்பி"ன்னு வச்சுடலாமே, சுருக்கமா இருக்கு

ஐயா, சுருக்கம்தான், ஆனா பிணைப்புங்கற சொல்லு நம்ம வேதியியல் புத்தகத்துல ஏற்கனவே ஒரு வேலைல இருக்கு. சகப்பிணைப்பு, அயனிப் பிணைப்புன்னு பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலயே படிச்சுடறாங்க. சிஸ்பிளாட்டின்ங்கற புற்றுநோய் மருந்தைப் பிணைப்பின்னு சொன்னா எனக்குப் பூரண சம்மதம், ஏன்னா அது உண்மையிலேயே பிணைப்பு போடுது. செல்லுக்குள்ள போனதும் அதுல இருக்கிற குளோரைடு கழண்டு தண்ணி வந்து உக்காரும், அப்புறம் பிளாட்டினம் நேரா போய் டிஎன்ஏ-வோட நாலு காரங்கள்ல ஒண்ணான குவானினோட ஏழாவது நைட்ரஜனைப் பிடிச்சுக்கும், அடுத்தடுத்து இருக்கிற ரெண்டு குவானினையும் சேத்துக் கட்டி அந்த இடத்துல டிஎன்ஏ-வையே மடக்கிடும். லேசுல விடாது. 1978-லேர்ந்து அமெரிக்காவுல புற்றுநோய்க்கு அனுமதி உள்ள மருந்து.

ரிஸ்டிப்ளாம் அப்படியா? எஸ்எம்ஏ-ன்னு குழந்தைங்களோட தசையைச் செயலிழக்க வைக்கிற பரம்பரை நோய்க்கு 2020 ஆகஸ்ட்ல வந்த மருந்து, வாய் வழியா தினம் ஒரு வேளை. எஸ்எம்என்2-ங்கற ஜீன்லேர்ந்து நகலா வர்ற ஆர்என்ஏ-வை வெட்டி ஒட்டும்போது செல் பெரும்பாலும் ஏழாவது எக்சானை, அதாவது புரதம் செய்யத் தேவையான ஒரு துண்டை, விட்டுடுது, அதனால முழுப் புரதம் போதுமான அளவு கிடைக்கறதில்ல. அந்த எக்சான் முடியற இடத்துல யு1-ங்கற, இந்த வெட்டி ஒட்டுற வேலைக்கு (ஸ்ப்ளைசிங்) உதவுற கூட்டாளி வந்து சேரும் பாருங்க, அந்த இடுக்குல இந்த மருந்து உக்காந்து ரெண்டு பேரோட பிடியையும் உறுதியாக்குது, எக்சான் உள்ள வந்துடுது. சகப்பிணைப்பு எதுவும் போடல. பிடிக்கும், விடும். மருந்து உடம்பை விட்டுப் போனா வேலையும் நின்னுடும், அதான் தினம் குடுக்கறது. ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா, தமிழ்ல தேடிப் படிக்கிற ஒரு அம்மா என் பிள்ளையோட ஜீன்லயே இது நிரந்தரமா ஒட்டிக்குமோன்னு பயந்துடுவாங்க. டிஎன்ஏ-வையே அது மாத்தறதில்லன்னு பேர்லயே கொஞ்சமாவது தெரியணும்னு நெனைக்கறேன்.

> அப்ப "பற்றி"?

நல்ல சொல்லுதான் தம்பி, ஆனா "டிஎன்ஏ பற்றி ஒரு மருந்து"ன்னு எழுதிப் பாருங்க, டிஎன்ஏ-வைக் குறிச்சு ஏதோ சொல்றாப்லதான் வாசிக்க வருது. அதனால நான் "கவ்வி"ங்கறேன். வடிவம் பொருந்திப் பிடிக்கறது, தேவைப்பட்டா விடறது, ரெண்டும் கவ்வுறதுக்குள்ள இருக்கு. ஆர்என்ஏ கவ்வி, டிஎன்ஏ கவ்வி. ஆர்என்ஏ கவ்விங்கறது ஏதோ நேத்து வந்த சங்கதியும் இல்ல, காசநோய்க்கு முதல்ல கிடைச்ச நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின், 1943-ல கண்டுபிடிச்சது, பாக்டீரியாவுல புரதம் செய்யற ரைபோசோமோட ஆர்என்ஏ-வைக் கவ்வித்தான் வேலை செய்யுது.

டிஎன்ஏ-வுக்குள்ள படி மாதிரி அடுக்கியிருக்கிற கார ஜோடிகளுக்கு நடுவுல தட்டையா நுழையுற ரகத்துக்கு மட்டும் தனிப் பேர் வேணும். 1961-ல லெர்மன்ங்கற விஞ்ஞானி இந்த நுழைவைச் சொன்னப்போ கணக்கு ரொம்பத் தெளிவு: ரெண்டு அடுக்குக்கு நடுவுல சாதாரணமா 3.4 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மில்லிமீட்டர்ல கோடில ஒரு பங்குதான் ஒரு ஆங்ஸ்ட்ராம்), மருந்து நுழைஞ்சா அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும், சுருள் கொஞ்சம் பிரிஞ்சு நீளும். நமக்கு இடைச்செருகல்ங்கற சொல் தயாரா இருக்கே, பழைய ஏட்டுல பின்னால வந்தவங்க நடுவுல பாட்டு நுழைச்ச மாதிரிதான் இதுவும். "செருகி"ன்னு வச்சுடலாம். புற்றுநோய் வார்டுல சிவப்பா ட்ரிப்ல ஏறுமே டாக்ஸோருபிசின், அது செருகி. (அது செருகறதோட நிக்காம டிஎன்ஏ முறுக்கை வெட்டிச் சரிபண்ற டோபோஐசோமெரேஸ் 2 நொதியையும் டிஎன்ஏ மேலயே மாட்ட வச்சுடும், செல் சாகறதுக்கு அதுவும் முக்கியக் காரணம், பேர்ல அதை அடக்க முடியாது, விளக்கத்துல எழுதிக்கலாம்.)

கால்நடை டாக்டரம்மா கேட்ட பெரெனிலும் (டைமினசீன்ங்கற மருந்தோட விற்பனைப் பேர்) டிஎன்ஏ கவ்விதான். டிரிப்பனோசோமாங்கற ஒட்டுண்ணிக் கிருமி வந்த மாட்டுக்கு ஊசி போடறீங்களே, அந்த டைமினசீன் பிறை மாதிரி வளைஞ்ச மூலக்கூறு, சுருள்ல ஓடுற ரெண்டு பள்ளத்துல சின்னதுக்குள்ள, அதுவும் அடினின், தைமின்ங்கற காரங்கள் நெறைய இருக்கிற இடமாப் பாத்துப் படியும். அந்தக் கிருமியோட கைனெட்டோபிளாஸ்ட் டிஎன்ஏ-ல (அதோட மைட்டோகாண்ட்ரியாவுல இருக்கிற டிஎன்ஏ) அப்படிப்பட்ட இடம் ஏராளம். மனுஷங்களோட ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குக் குடுக்கிற பென்டமிடினும் இதே ஜாதி.

இந்தப் பள்ளத்துக்குத்தான் சரியான சொல் அமையல. தச்சர்கள் சொல்ற "காடி"யைப் போன வாரம் ஒருத்தர் சொன்னார், எனக்கும் ஆசைதான், ஆனா வேதியியல் பட்டியல்ல காடின்னா வினிகர்னு எடுத்துக்குவாங்க.

> அக்கா, நாங்கள் இலங்கையில தவாளிப்பு எண்டுதான் படிச்சனாங்கள். எங்கட விஞ்ஞானப் புத்தகங்களில கனகாலமா இருக்கிற சொல். அதையே எடுத்தால் என்ன?

எடுத்துக்கலாம் தம்பி, எனக்கு முழு சம்மதம். வழக்குல இருக்கிற சொல்லை விட்டுட்டுப் புதுசா ஒண்ணு செய்ய வேண்டியதில்ல. பெருந்தவாளிப்பு, சிறுதவாளிப்பு, சிறுதவாளிப்புக் கவ்வி. கடைசிது கொஞ்சம் நீளம், ஆனா உடைச்சுப் படிச்சா எதை எங்க பிடிக்குதுன்னு தெரிஞ்சுடுது.

இன்னொண்ணு பாக்கி. குவானின் நெறைய இருக்கிற இடத்துல டிஎன்ஏ நாலு இழையா மடிஞ்சு நிக்குமே, சென்னைல பிறந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஷங்கர் பாலசுப்ரமணியன் குழு 2013-ல மனித செல்லுக்குள்ளயே காட்டின அமைப்பு, அதுக்கு முப்புரி நூல் மாதிரி "நாற்புரி"ன்னு வைக்கலாமா? அதைப் பிடிக்கிற மருந்துகளையும் புற்றுநோய்க்குச் சோதிச்சுட்டிருக்காங்க, அதெல்லாம் நாற்புரிக் கவ்வி ஆயிடும். புரிங்கறது இழைக்கா, முறுக்குக்கான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, கயிறு திரிக்கிற ஊர்க்காரங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அதுக்கப்புறம் பட்டியல்ல ஏத்தறேன்.