புதுப்பிப்பு: மூன்று கட்டுரைகளும் மணி அடிக்கும் கடிகாரமும்

மூன்று கட்டுரைகளை ஒரே வாரத்துக்கு ஒப்புக்கொண்டு விழிப்பதாகப் போன மாதம் புலம்பியிருந்தேன். பலர் சொன்ன பொமொடோரோ முறையை (25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தால் வந்த பெயர்) முயன்று பார்த்தேன். மின்னஞ்சல், பில், பிழைதிருத்தம் போன்ற சில்லறை வேலைகளுக்கு அருமை. முதல் வரைவுக்கு ஒத்துவரவில்லை. வாக்கியம் பிடிபடும் நேரத்தில்தான் மணி அடிக்கிறது! இப்போது காலையில் 90 நிமிடம் வரைவு மட்டும், கைப்பேசி அடுத்த அறையில்.

நேரத்தைக் குறித்து வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. 1,000 சொல் கட்டுரைக்கு 4 மணி நேரம் என்று கணக்கிட்டுக் கட்டணம் பேசியிருந்தேன். தகவல் தேடுவதையும் சேர்த்தால் 7. சோம்பேறி என்று என்னையே திட்டிக்கொண்டது வீண்.

இரண்டு கட்டுரைகள் போய்விட்டன. மூன்றாவதற்குக் கெடுவுக்கு முன்பே ஆசிரியரிடம் இரண்டு நாள் கேட்டேன், கொடுத்துவிட்டார்.